இடையீடும் நிறைவும்

ஒரு வினையைத் தொடங்குதல் எளிது, முடித்தல் அரிது என்பர். இக்கூற்றில் உண்மை உண்டாயினும், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் நிகழ்வது யாது என்பது பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை. இடையில் நிகழ்வது வாழ்க்கை. அடுப்பு அணைகின்றது, குழந்தை அழுகின்றது, அயலவர் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வருகின்றார், உறவினர் வீட்டிலிருந்து இழவுச் செய்தி வருகின்றது. வினை செய்வோன் இவை அனைத்தையும் 'இடையூறு' என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடுகின்றான். அச்சொல் வெறும் பெயரன்று. அதனுள் ஒரு தீர்ப்பு அடங்கியுள்ளது. வினையே நேர்வழி, அதனை மறிப்பன யாவும் ஊறு என்பது அத்தீர்ப்பு. இத்தீர்ப்புப் பொருந்துமா என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினாவை ஆராய்வதற்குக் குறிகட்டுவானினும் பொருத்தமான இடம் அரிதாகவே கிடைக்கும். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாகக் கடலை ஊடறுத்துச் செல்லும் வீதியால் புங்குடுதீவை அடைந்து, அதன் மேற்கு எல்லைவரை சென்றால் இவ்விறங்குதுறை வரும். தரைவழி இங்கு முடிகின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் கடல்வழி இங்கு தொடங்குகின்றது. நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியாரும், நாகதீப விகாரைக்குச் செல்லும் தென்னிலங்கை யாத்திரிகரும், அரிசி மூடையுடனும் மருந்துப் பொதியுடனும் ஊர் திரும்பும் நெடுந்தீவு மக்களும் ஒரே துறையிற் காத்து நிற்பர். பேருந்து வந்தபின் படகு. படகு வந்தபின் பேருந்து. சோளகக் காற்று உரமாக வீசுங் காலத்தில் கடல் கொந்தளித்தாற் படகோட்டமும் தடைப்படும். காத்திருத்தலும் இடைமுறிதலும் இங்கு விதிவிலக்கல்ல, அவையே நாளொழுங்கு.

இத்துறைக்கு அருகில் வாழும் ஒருவர், எதிரே தெரியும் கடலையும் தீவின் கரைக்கோட்டையும் பெரியதொரு நீர்வர்ண ஓவியமாக எழுதத் தொடங்குகின்றார் எனக் கொள்ளலாம். 30 அங்குல நீளமும் 22 அங்குல அகலமும் உடைய முழுத்தாள். அது நனைக்கப்பட்டுப் பலகையில் இழுத்து ஒட்டப்பட்டுள்ளது. அவர் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டவரல்லர். வீட்டுப் பொறுப்பும் ஊர்ப் பொறுப்பும் உடையவர். ஒரே கிழமையில் முடிக்க எண்ணிய ஓவியம் மாதங்களைக் கடந்து செல்கின்றது. இவர் எந்த ஊரிலும் காணப்படக்கூடியவர். ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவில் இவரை இங்கு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் அவர் கையாளும் ஊடகத்தின் இயல்பை நோக்குதல் தகும். நீர்வர்ணம் என்பது நுண்ணிய நிறத்துகள்களைப் பிசினுடன் கூட்டி, நீரிற் கரைத்துத் தாளின்மீது இடுவது. எண்ணெய் வர்ணம்போல அடியில் உள்ளதை மூடிமறைக்கும் ஆற்றல் அதற்கில்லை. ஒளியானது மெல்லிய வர்ணப் படலத்தை ஊடுருவித் தாளின் வெண்மையைத் தொட்டு மீள்கின்றது. ஆதலின் வெண்மை வேண்டிய இடத்தைத் தீட்டாது விடுதலே மரபு. நண்பகற் கடலில் மின்னும் ஒளி, உண்மையில் ஓவியன் கை படாத தாளேயாகும்.

அகன்ற வானத்தை எழுதுவோன் தாளின் மேல்விளிம்பிலிருந்து ஈரம் குன்றாதவாறு வர்ணத்தைப் படிப்படியாகக் கீழே இறக்க வேண்டும். அச்சில நிமிடங்களுக்குள் தூரிகையைக் கீழே வைத்தால், நின்ற இடத்தில் வன்மையான கோடு ஒன்று காய்ந்து நிலைத்துவிடும். பாதி காய்ந்த பரப்பில் புதிய நீர் விழுந்தால், அது நிறத்தை ஓரங்களுக்குத் தள்ளிப் பூவிதழ்போன்ற கறையை உண்டாக்கும். ஆனால் அப்பூச்சு முடிந்ததும் நிலைமை நேர்மாறாகின்றது. முதற் படலம் நன்கு உலருமுன் அடுத்த படலத்தை இட்டால் இரண்டும் கலந்து சேறாகும். எனவே நீர்வர்ணத்தில் இருவகை நேரங்கள் உள: ஒன்று கைவிடலாகா நேரம், மற்றையது கைவைக்கலாகா நேரம். பெரிய ஓவியமொன்றில் பின்னதே மிகுதி.

இவ்வேறுபாட்டிலிருந்து முதலாவது உண்மை பெறப்படுகின்றது. வானம் உலர்ந்துகொண்டிருக்கையில் அயல்வீட்டு முதியவர் வந்து, கனடாவில் உள்ள மகனுக்குத் தொலைபேசியில் அழைப்பெடுத்துத் தருமாறு கேட்கின்றார். ஓவியர் எழுந்து செல்கின்றார். ஓவியம் எதனை இழந்தது? எதனையும் இழக்கவில்லை. அவ்வேளையில் அவர் தாளின் முன்னிலையிலேயே இருந்திருந்தால், பொறுமையிழந்து கைவைத்துக் கெடுத்திருக்கவுங் கூடும். இடையீடுகளைப் பற்றிய முறைப்பாடுகளுள் ஒரு பகுதி, தன் வினைக்குரிய காலங்களைத் தானே அறியாமையாற் பிறப்பதாகும்.

எனினும் இவ்விடத்தில் ஆராய்ச்சியை நிறுத்துவது நேர்மையாகாது. ஈரமான வேளையிலும் அழைப்பு வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பேருந்தால் இறங்கிய மூதாட்டி ஒருவர் பாரமான பையுடன் தள்ளாடி வந்து, "தம்பி, நெடுந்தீவு போற வள்ளம் வெளிக்கிட்டிட்டுதோ?" என்று கேட்கின்றார். படகு புறப்படும் தறுவாயில் உள்ளது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அவரை ஏற்றிவிடலாம். ஓடாவிடின் அவர் அன்றிரவு வீடு சேரமாட்டார். வானமோ பாதியில் நிற்கின்றது. இங்கு விடையில் ஐயத்துக்கு இடமில்லை. தாள் மீண்டும் கிடைக்கும். அன்றைய படகு மீண்டும் கிடைக்காது. ஓவியர் எழுந்து ஓடுவதே முறை. திரும்பி வந்து பார்க்கும்போது வானத்தின் நடுவே கோடொன்று காய்ந்திருக்கும்.

இவ்விடத்திலேதான் உண்மையான சிக்கல் தோன்றுகின்றது. மூதாட்டியின் அழைப்புக்கு முன் ஓவியம் காத்திருக்கலாம் என்று ஒருமுறை கூறிய நியாயம், மறுநாள் வரும் அழைப்புக்கும் பொருந்தும். அதற்கடுத்த நாளுக்கும் பொருந்தும். தனித்தனியே எடுத்து நிறுத்தால் ஒவ்வோர் அழைப்பும் தூரிகையினும் கனமானதே. ஆயின் அவ்வாறு ஒவ்வொரு முறையும் நியாயமாகவே நடந்துகொண்ட ஒருவர், வாழ்நாள் முடிவில் ஓர் ஓவியத்தையும் முடிக்காதவராக எஞ்சுவார். ஒவ்வோர் இழப்பும் சிறிது. கூட்டிய இழப்போ பெரிது. எந்தத் தனித்தீர்ப்பிலும் பிழை இல்லாதிருக்க, மொத்தத் தீர்ப்பு மட்டும் எவ்வாறு பிழையாயிற்று?

இதற்கு இருவகைத் தீவிர விடைகள் கூறப்படுவதுண்டு. கலையே தலையாயது, அதற்காகப் பிற கடன்களைத் துறக்கலாம் என்பது ஒன்று. மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் ஐரோப்பாவில் விட்டு 1891 இல் தாகித்தித் தீவுக்குச் சென்ற பிரெஞ்சு ஓவியர் கோகன் இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவார். ஆங்கில மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ் 1976 இல் இக்கதையை ஒட்டிக் கற்பித்த ஓர் ஓவியனை முன்வைத்துக் கூர்மையான வினா ஒன்றை எழுப்பினார். அவ்வோவியன் தன் செயலுக்குக் கூறத்தக்க நியாயம், இருந்தால், அவன் பெறும் வெற்றி ஒன்றேயாம். அவ்வெற்றியோ புறப்படும் வேளையில் அவன் அறியக்கூடியதன்று. தோல்வியுறின் அவன் குடும்பத்தைக் கைவிட்டவன் மட்டுமே. இவ்வாறாயின், பிறர் வாழ்வைப் பணயம் வைத்து ஆடிய சூதிற்கே கலை என்று பெயரிடப்படுகின்றது. வென்றவர் ஒருவரின் ஓவியம் அருங்காட்சியகத்திலே தொங்குகின்றது; தோற்றவர் பலரின் பிள்ளைகளைப் பற்றி எவரும் எழுதுவதில்லை.

மற்றைய விடை இதற்கு எதிர்முனையில் உள்ளது. கடமையே போதும், கலை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்பது அது. இது பணிவுடையதாகத் தோன்றினும் இதனுள்ளும் ஒரு பொய் ஒளிந்திருத்தல் கூடும். ஆங்கிலக் கவிஞர் கோல்றிட்ஜ் 'குப்ளா கான்' என்னும் கவிதையை 1816 இல் வெளியிட்டபோது, அது முற்றுப்பெறாமைக்குக் காரணம் கூறினார். கனவிற் கண்ட கவிதையை எழுதிக்கொண்டிருக்கையில் போர்லொக் என்னும் ஊரிலிருந்து ஒருவர் அலுவலாக வந்து இடைமறித்தார் என்றும், அவர் சென்றபின் எஞ்சியது நினைவிலிருந்து அகன்றுவிட்டது என்றும் அவர் உரைத்தார். அவ்வாறு ஒருவர் உண்மையில் வந்தாரா எனப் பின்வந்தோர் சிலர் ஐயுற்றனர். மேலே எழுத இயலாதவர் தாமே அந்த விருந்தினரைப் படைத்துக்கொண்டார் என்பது அவர்தம் கருத்து. கோல்றிட்ஜின் உள்ளம் எவ்வாறாயினும் ஆகுக. முடிக்க அஞ்சும் ஒருவனுக்கு வாயிலில் நிற்கும் அயலவன் பெருந்துணை என்பது மறுக்கவியலாதது. முடித்த ஓவியம் மதிப்பிடப்படும். முடியாத ஓவியமோ என்றும் சிறந்ததாகக் கற்பனையில் நிலைத்திருக்கும். ஆதலின் இடைமறிக்கப்பட்டவன் தன்னை நோக்கி வினவ வேண்டியது ஒன்றுண்டு: அழைத்தது பிறரா, அன்றித் தன் அச்சமா?

இவ்விரு விடைகளும் ஒரு செய்தியைக் கவனியாது விடுகின்றன. இடையீடு எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை. வேர்ஜீனியா வூல்ப் 1929 இல் வெளியிட்ட நூலில், பெண்கள் எழுதுவதற்குத் தமக்கென ஓர் அறையும் வருவாயும் வேண்டும் என்று வாதிட்டபோது, பொதுக்கூடத்தில் அமர்ந்து ஓயாது இடைமறிக்கப்பட்டு எழுதிய பெண்களை நினைவுகூர்ந்தார். இதனை உணர்வதற்கு இங்கிலாந்துவரை செல்லவேண்டியதில்லை. தீவகத்தின் பெண்கள் பனையோலையிற் பெட்டியும் பாயும் இழைப்பவர்கள். உலை கொதிக்கும்வரை சில ஓலை. குழந்தை உறங்கியபின் சில ஓலை. அவர்தம் கைவினை முழுவதும் இடைவெளிகளுள் வளர்ந்தது. அதனை எவரும் இடையூற்றின் கதையாகச் சொல்வதில்லை. ஏனெனில் அவர்களுடைய நேரம் அவர்களுக்கே உரியது என்று எவரும் கருதியதில்லை.

மறுபுறத்தில், நான்கு மணிநேரம் தடையின்றி எழுதிய அறிஞரின் அறைக்கு வெளியே நோக்கினால், வந்தவரை எதிர்கொண்டவரும், பிள்ளையை அமர்த்தியவரும், தேநீர் வைத்தவரும் ஒருவர் இருப்பார். ஒருவரின் தடையற்ற நேரம் பெரும்பாலும் மற்றொருவரின் சிதறிய நேரத்தால் வாங்கப்படுவது. ஆகவே இடையீடு பற்றிய வினா மனவுறுதி பற்றியது மட்டுமன்று. அது நீதி பற்றியதுமாகும். குறிகட்டுவான் ஓவியர் ஒரு காலைப்பொழுதைத் தமக்கென ஒதுக்கிக் கேட்கலாம், கேட்பதில் குற்றமில்லை. பூசை வேளையையும் பரீட்சைக் காலத்தையும் மதிக்கத் தெரிந்த ஊர், எடுத்துச் சொன்னால் தூரிகையின் வேளையையும் மதிக்கும். ஆனால் அவர் பெறும் காலையை யார் தருகின்றார் என்பதையும், அத்தருபவருக்கு எந்த மாலை திருப்பிக் கொடுக்கப்படுகின்றது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். முன்னர் எழுந்த சிக்கலுக்கு விடையின் முதற்பாதி இதுவே. தனித்தனி அழைப்பை நிறுத்துப் பார்ப்பது மட்டும் போதாது. வாழ்வின் நேரத்தை வீட்டாரும் அயலாரும் முன்கூட்டியே நியாயமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவ்வாறு பகிர்ந்தபின்னரும் மூதாட்டி வருவார். வரின் ஓடத்தான் வேண்டும். ஆனால் அது நாள்தோறும் நிகழும் கொள்ளையாக இராது. எப்போதோ நேரும் கடனாக அமையும்.

விடையின் மறுபாதி மீளுதலில் உள்ளது. யாழ்ப்பாணத்தின் நவீன ஓவிய வரலாறு இதற்குச் சான்று பகரும். 1938 இல் எஸ். ஆர். கனகசபை நிறுவிய வின்சர் ஓவியக் கழகமும், 1959 இல் அ. மாற்கு தொடக்கிய விடுமுறைக்கால ஓவியர் கழகமும் பெரும்பாலும் ஓவிய ஆசிரியர்களாலும் அவர்தம் மாணவர்களாலும் ஆனவை. பின்னதன் பெயரே ஒரு வாக்குமூலமாகும். கிழமை நாட்கள் வகுப்பறைக்குரியவை, ஓவியம் விடுமுறைக்குரியது. இதனைக் குறையாகக் கருதி அவர்கள் கலையைக் கைவிடவில்லை, பெயராகவே சூட்டிக்கொண்டனர். நிலையான கூடமோ புரவலரோ இல்லாத சமூகமொன்றில் ஓவியம் உயிர்வாழ்ந்ததற்கு, விட்டதைத் திரும்ப எடுக்கும் இயல்பு அன்றி வேறு பெரிய காரணம் கூறுதல் அரிது.

மீண்டு வருவோன் விட்டுச் சென்றவனாகவே வருவதில்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. மைக்கலாஞ்சலோ சிஸ்ரைன் ஆலயத்தின் விதானத்தை 1508 முதல் 1512 வரை எழுதினார். இடையில் 1510 இல் வேலை தடைப்பட்டது. பாப்பரசர் போர்க்களம் சென்றிருந்தார், உரிய பணமும் வரவில்லை. முடிந்த பாதியின் சாரம் அகற்றப்பட்டபோது, தம் ஓவியத்தை அவர் கீழே நின்று கண்டார். பிற்பகுதி உருவங்கள் பெரியனவாகவும் எளிமையானவையாகவும் அமைந்தமைக்கு அக்காட்சியும் ஒரு காரணம் என்பர் கலை வரலாற்றாசிரியர். தாளுக்கு மிக அருகில் இருப்பவன் காணாததை, எழுந்து சென்று திரும்புவோன் வாயிலிலிருந்தே காண்கின்றான். பழந்தமிழர் வாயிலில் வந்தவரைக் குறித்த 'விருந்து' என்னும் சொல்லின் அடிப்பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய எட்டு வனப்புகளுள் ஒன்றாகப் புதிதாகப் புனைவதனை எண்ணியபோது, அதற்கும் விருந்து என்றே பெயரிட்டார். வருபவரும் புதியர், வனப்பும் புதிது என்னும் இவ்வொற்றுமை சிந்தனைக்குரியது.

ஆயினும் இக்கருத்தை எல்லை கடந்து விரித்தல் தவறாகும். எல்லா இடையீடும் விருந்தன்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது மக்கள் பெருந்தொகையாக ஊர்களை விட்டகன்றனர். புங்குடுதீவின் கூரையிழந்த வீடுகள் பல அதன்பின் ஆட்களைக் காணவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் நகரை விட்டு நடந்தபோது, கையில் எடுக்க முடிந்தவை சில, விட்டவை பல. விட்டவற்றுள் நூல்களும் கையெழுத்துப் படிகளும் ஓவியங்களும் இருந்தன. இதனையும் வாழ்வின் இடையீடு என்றும், அது கலைக்கு உரமாயிற்று என்றும் பேசுதல் அறமன்று. மூதாட்டியின் அழைப்புக்கு முகம் உண்டு, அது உதவி கேட்கின்றது, மறுக்கவும் இடந்தருகின்றது. வன்முறை கேட்பதில்லை. முன்னது வினைஞனை அயலவனாக்குகின்றது. பின்னது அவனை அகதியாக்குகின்றது. 'இடையூறு' என்னும் கடுஞ்சொல்லைப் பின்னதற்கென ஒதுக்கிவைத்து, முன்னதை 'இடையீடு' என்று மட்டும் கூறுவதே சொற்களுக்குச் செய்யும் நீதியாகும்.

அரிஸ்ரோட்டில் செயல்களை இருவகையாகப் பகுத்தார். வீடு கட்டுதல் போன்றவை முடியும்வரை முற்றுப்பெறாதவை. காணுதல் போன்றவை ஒவ்வொரு கணத்திலும் முற்றுப்பெற்றவை; கண்டுகொண்டிருப்பவன் அக்கணத்திலேயே கண்டவனுமாகின்றான். ஓவியம் எழுதுதல் முதல்வகையைச் சார்ந்தது. ஆதலால் அது மறிக்கப்படக்கூடியது. ஆனால் ஓவியத்துக்கு அடிப்படையாகிய காணுதல் இரண்டாம் வகையினது. அதனை எவரும் பாதியில் நிறுத்த இயலாது. பையைச் சுமந்து துறைமேடையில் ஓடிய ஓவியரின் கண், ஓடும்போதும் கடலைக் கண்டது. தாளின் முன்னிருந்து காணாத கோணத்திலே, படகின் விளிம்பில் மோதும் நீரின் நிறத்தைக் கண்டது. ஒருவர் துயரைச் செவிமடுத்தலும் இரண்டாம் வகையைச் சார்ந்ததே. எனவே ஓவியரின் நாளில் முறிந்தது தூரிகையின் செயல் மட்டுமே. கவனித்தல் என்னும் ஆழ்ந்த செயல் தாளிலிருந்து மனிதருக்கும், மனிதரிலிருந்து தாளுக்கும் இடம்மாறிற்று.

இவ்வாறு கூறுவதனால் ஓவியத்தை முடிக்கவேண்டிய கடமை குறைந்துவிடவில்லை. தொடங்கிய வினை ஒருவகை வாக்குறுதி. அதனைக் கேட்டவர் எவரும் இல்லையாயினும், கொடுத்தவர் ஒருவர் உளர். பிறருக்கு அளித்த சொல்லை நாள்தோறும் காத்து, தமக்கு அளித்த சொல்லை மட்டும் நாள்தோறும் முறிப்பவர், காலப்போக்கிற் பிறர்மேல் அறியாக் கசப்புக் கொள்வார். உதவியோரையே வெறுக்கச் செய்யும் அக்கசப்பு, முடியாத ஓவியத்தினும் பெரிய இழப்பாகும். ஆகவே முடித்தல் என்பது கலைக்குச் செய்யும் கடன் மட்டுமன்று. தம்மை இடைமறித்த அயலவருடன் பகையின்றி வாழ்வதற்கும் அது வேண்டும்.

காய்ந்துபோன கோட்டை என்செய்வது என்பது எஞ்சிய வினா. ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்து அதனை ஓரளவு கரைக்கலாம். முற்றாக நீக்குதல் இயலாது. தாளைக் கிழித்து மீளத் தொடங்கலாம். புதிய தாளிலும் யாரேனும் வருவர். அன்றி, அக்கோட்டைச் சோளகத்து முகிலின் விளிம்பாக ஏற்று, அதற்கேற்பக் கடலின் நிறத்தைச் சற்று ஆழப்படுத்தலாம். எதனைத் தெரிவது என்பது ஓவியரின் உரிமை. அது ஓவியத்தின் தேவையை நோக்கித் தீர்மானிக்கப்படவேண்டியது. மூதாட்டிக்குச் செய்த உதவியின் நினைவுச்சின்னமாக ஒரு பிழையைப் பேணவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. உதவி தாளில் எழுதப்படாமலே நிற்கும்.

மாலையில் நயினாதீவிலிருந்து கடைசிப் படகு வருகின்றது. இறங்கியவர்கள் பேருந்தை நோக்கி விரைகின்றனர். குறிகட்டுவானின் படகுகள் காற்றாலும் கடலாலும் மறிக்கப்படுபவை. நின்ற நாட்கள் பல. எனினும் அவற்றை நம்பியே இரு தீவுகள் வாழ்கின்றன. மறிக்கப்படாமையால் அன்று, மீண்டும் புறப்படுவதால். அந்நேரத்திற் பலகையின்மீது வானம் உலர்ந்திருக்கும். ஒளி மங்குமுன் கடலின் முதற் பூச்சை இடுவதற்குச் சிறிது பொழுது உண்டு. ஓவியர் தூரிகையை நீரில் தோய்க்கின்றார்.